கிணற்றடியிற் கண்ட கூந்தல் மருந்து

யாழ்ப்பாணத்தைப் பார்க்க வருகின்ற அன்பர்கள் நல்லூரைக் காண்பர், கோட்டையைக் காண்பர், குறிகட்டுவானிற் படகேறி நயினாதீவுக்கும் போய் வருவர். ஆனால் இக்குடாநாட்டின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று எவரேனும் என்னைக் கேட்பின், வீட்டின் கோடிப்புறத்தே, வாழைகளின் நிழலில் அமைந்திருக்கும் கிணற்றடியையே காட்டுவேன். ஆறில்லாத நாடு இது. வழுக்கையாறு என்ற பெயரில் ஒன்று உண்டெனினும் அது மாரியில் ஓடிக் கோடையில் மறைந்துவிடுவது. குடிப்பதும் குளிப்பதும் பயிர் வளர்ப்பதும் தலைமுறை தலைமுறையாகக் கிணற்றை நம்பியே நடந்துவந்தன. ஆதலின் இங்கே கூந்தல் பேணுங் கலையும் கிணற்றடியிலேதான் வளர்ந்தது. கிணற்று நீரின் இயல்பை அறிந்து, அந்நீருக்கு ஏற்ற இலையையும் காயையும் விதையையும் தெரிந்தெடுத்த பெண்களே அக்கலையின் ஆசிரியர்கள்.

சென்ற பங்குனி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் நல்லூரிலிருந்து கீரிமலை வரை துவிச்சக்கர வண்டியிற் சென்றேன். காங்கேசன்துறை வீதி வழியே ஏறத்தாழ 18 கிலோமீற்றர்த் தூரம். வழியிலுள்ள ஊர்களில் மக்கள் தலைமுழுக எவற்றையெல்லாம் இன்னும் கையாளுகின்றனர் என்பதை அறிந்து வருவதே நோக்கம். சனி முழுக்கு என்ற வழக்கம் முற்றாக மறைந்துவிடவில்லையாதலால், அந்நாளையே தெரிந்துகொண்டேன்.

பழந்தமிழர் நீராட்டு

தமிழர் கூந்தலுக்குக் கொடுத்த மதிப்பைச் சொல்லப் புகுந்தால் அது பெருங்கதையாகும். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற வினாவையொட்டியே இறையனாருக்கும் நக்கீரருக்கும் வாதம் நிகழ்ந்ததாகத் திருவிளையாடற் கதை கூறுகின்றது. அக்கதைக்கு அடியாகிய செய்யுள் குறுந்தொகையில் இரண்டாவதாக நிற்பதை மாணவர் அறிவர். குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி எனக் கூந்தலை முடிக்கும் முறைகள் ஐந்தாதலின் அதற்கு ஐம்பால் என்றே பெயர் வந்தது.

இவற்றினும் நமக்கு வேண்டிய செய்தி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கடலாடு காதையிலே மாதவி தன்னை அலங்கரித்துக்கொள்ளும் இடத்தில், துவர்ப்புச் சரக்குகள் பத்தும், வாசனைச் சரக்குகள் ஐந்தும், வேறு மூலிகைகள் முப்பத்திரண்டும் ஊறிய நீரினால் அவள் தன் கூந்தலைக் கழுவினாள் என்று இளங்கோவடிகள் விவரிக்கின்றார். அதன்பின் ஈரம் போக அகிற்புகை ஊட்டப்பெற்றதாம். மூலிகை ஊறிய நீராலே தலை கழுவுதல் நேற்றுத் தோன்றிய நாகரிகமன்று என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை.

இன்று எல்லோர் வாயிலும் வழங்கும் ஷாம்பு என்ற சொல்லுங்கூட மேனாட்டிற் பிறந்ததன்று. பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லொன்றின் திரிபே அது. பட்னாவிற் பிறந்த தீன் முகம்மது என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரிலே மூலிகை ஆவிக் குளியல் நிலையம் ஒன்றை நடத்தி, அச்சொல்லை அங்கே பெயர்பெறச் செய்தார். போன சொல் புட்டியில் அடைபட்டு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது!

வகுப்பறையில் ஒரு சோதனை

இப்பிரயாணத்துக்குக் காரணமாயிருந்தது எமது கல்லூரி வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு சிறு சோதனையாகும். மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கிணற்று நீரை ஒரு போத்தலிற் கொண்டுவர வேண்டும் என்று கூறியிருந்தேன். மாரியிற் சேர்த்துவைத்த மழை நீரும் ஒரு போத்தல் இருந்தது. ஒவ்வொன்றிலும் சமனான அளவு சவர்க்காரத்தைச் சீவியிட்டுக் குலுக்கினோம். மழை நீரில் நுரை பொங்கி நின்றது. கிணற்று நீரிலோ நுரை சிறிதே தோன்றி அடங்க, தயிர்போலத் திரிந்த வெண்படலமொன்று மேலே மிதந்தது. பின்பு சீயாக்காயை ஊறவைத்து வடித்த நீரைச் சேர்த்துக் குலுக்கினோம். மழை நீர், கிணற்று நீர் என்ற பேதமின்றி எல்லாப் போத்தல்களிலும் நுரை எழுந்தது.

காரணம் எளியது. எமது நிலத்தின் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். மழை நீர் அக்கல்லின் வெடிப்புக்களூடு இறங்கித் தேங்கும்போது கல்சியம் முதலிய உப்புக்களைக் கரைத்துக்கொள்கின்றது. அவ்வுப்புக்கள் சவர்க்காரத்தோடு கூடிக் கரையாப் பொருளாகத் திரிந்து மயிரிழைகளிற் படிந்துவிடும். தலை கழுவியபின் கூந்தல் பிசுபிசுத்துச் சடைபிடிப்பது இதனாலேதான். சீயாக்காயில் நுரை தருவது சபோனின் என்னும் பொருள். அது கல்சியத்தோடு கூடித் திரிவதில்லை. அன்றியும் சவர்க்காரம் காரத்தன்மை உடையது. மயிரின் மேலுள்ள செதில்களை அது கிளப்பிவிடும். சீயாக்காயோ சிறிது புளிப்புத்தன்மை உடையதாதலின் செதில்கள் படிந்திருக்கும், கூந்தலும் மினுங்கும். இக்காலத்து ஷாம்புக்கள் பழைய சவர்க்காரத்தினின்றும் வேறானவை. அவை கடின நீரிலும் நுரைக்கும். உண்மையை உள்ளபடி சொல்லவேண்டுமாதலின் இதனையும் சொல்லி வைக்கிறேன்.

சோதனை முடிந்தபின் மாணவரைத் தங்கள் போத்தல்களிற் பெயர் எழுதுமாறு பணித்தேன். சுன்னாகத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவனின் போத்தலில் மட்டும் நீர் இல்லை. ஏன் கொண்டுவரவில்லை என்று வினவினேன்.

“எங்கடை கிணத்துத் தண்ணியை அம்மா தலைக்கு ஊத்த விடமாட்டா, சேர். எண்ணெய் கலந்த காலத்திலையிருந்து அந்தப் பயம் போகேல்லை” என்றான்.

வகுப்பு மௌனமாயிற்று. மூலிகையைப் பற்றிப் பேச விரும்புவோர் முதலில் நீரைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை அவ்விளைஞனின் வெறும் போத்தல் எங்களுக்கு உணர்த்தியது.

இணுவில் முதல் மல்லாகம் வரை

கொக்குவிலையும் தாவடியையும் கடந்து இணுவிலை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் நின்றன. ஒழுங்கையொன்றின் உள்ளே, எனக்கு உறவுமுறையான ஆச்சி ஒருவரின் வீடு. எண்பது வயதைக் கடந்த அவருடைய கொண்டை இன்னும் ஒரு கைப்பிடி அளவு இருக்கிறது. கிணற்றடியிலே செவ்வரத்தை, கறிவேப்பிலை, கற்றாளை, தேசி நான்கும் நிற்கின்றன. குளித்த நீர் வாய்க்கால் வழியே ஓடி அவற்றின் அடியிற் சேரும்படி அக்காலத்திலேயே அமைத்திருக்கிறார்கள். தலைக்கு வேண்டிய செடியைத் தலை கழுவிய நீரே வளர்க்கின்றது!

“சீயாக்காய் எங்கடை மண்ணிலை காய்க்கிறேல்லை, தம்பி. அது கடைச் சாமான். கடையிலை இல்லாத காலத்திலை இலுப்பை அரப்பு இருந்தது. செவ்வரத்தம் இலை இருந்தது. ஒண்டு இல்லாட்டி இன்னொண்டு. கிணத்தடி ஒருநாளும் வெறுங்கையோடை அனுப்பாது” என்றார் ஆச்சி.

அரப்பு என்ற சொல் தமிழகத்திலே பெரும்பாலும் உசில மரத்தின் இலைப்பொடியைக் குறிக்கும். எம்மவரோ எண்ணெய் போக்கத் தேய்க்கும் இலுப்பைப் பிண்ணாக்கு முதலியவற்றையும் அரப்பு என்றே வழங்கினர். இன்று இலுப்பை மரங்கள் அருகிவிட்டன. இலுப்பையடி என்ற இடப்பெயர்தான் நிலைத்திருக்கின்றது. எனினும் எமது வாழ்வின் சடங்குகளில் அச்சொல் இன்னும் உயிரோடிருக்கிறது. மணமக்களுக்குப் பாலும் அறுகும் தலையில் வைத்துத் தோயவார்க்கின்றோம். இறந்தவருக்கு எண்ணெயும் அரப்பும் வைத்து நீராட்டுகின்றோம். சித்திரைப் புத்தாண்டில் கோயிலிலிருந்து மருத்து நீர் வாங்கிவந்து, பஞ்சாங்கம் விதித்த இலையைத் தலையிலும் காலடியிலும் வைத்து, முதியோர் கையினால் தேய்ப்பித்து முழுகுகின்றோம். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு என அந்நீரிற் சேரும் சரக்குகள் பல.

ஆச்சி கூறிய கடையிற் சாமான் இல்லாத காலம் எனக்கும் நினைவிலுண்டு. 1990களில், பொருளாதாரத் தடையினாற் சவர்க்காரம் கிடைத்தற்கரிய பண்டமாயிருந்தபோது நான் பாடசாலைச் சிறுவன். பனம்பழத்தின் களியைத் தேய்த்துத் துணி தோய்த்த வீடுகள் பல. எங்கள் தாயார் செவ்வரத்தம் இலையைக் கசக்கி எடுத்த வழுவழுப்பான நீரையே எங்கள் தலைக்குத் தேய்த்தார். அழகுக்காகச் செய்ததன்று அது. பிள்ளைகளின் தலையிற் பேனும் பொடுகும் அண்டாமற் காத்தற்காகச் செய்தது. பஞ்ச காலத்தில் மானத்தையும் சுகத்தையும் காப்பாற்றிய அறிவை, வசதி வந்த காலத்தில் நாம் மறந்துவிடுவது நன்றியாகாது.

மருதனார்மடத்துச் சந்தையிலே கறிவேப்பிலையும் தேசிக்காயும் வெந்தயமும் வேண்டிய மட்டும் கிடைத்தன. சீயாக்காயைக் கேட்டபோது கடைக்காரர் அரைத்துப் பொதிசெய்த தூளையே எடுத்து நீட்டினார். முழுக் காய் வாங்குவோர் வயதான பெண்கள் சிலரே என்றார். சுன்னாகத்தை அடைந்தபோது என் மாணவனின் நினைவு வந்தது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் இவ்வயலிலுள்ள கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த முறைப்பாடு நாடெங்கும் பேசப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் தீர்ப்பும் வந்தது. தீர்ப்பு ஒரு நாளில் வரும். ஒரு தாயின் அச்சம் அத்தனை விரைவாக நீங்குவதில்லை. கழிவெண்ணெய் மாத்திரமன்று, தோட்டங்களுக்கு அளவின்றி இடும் யூரியா முதலியவற்றாலும் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுகின்றது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கண்ணுக்குத் தெரியாத கேடாதலின் ஆய்வுகூடத்தில் நீரைப் பரிசோதிப்பித்தலே தக்கது.

வீட்டில் செய்யத்தக்க முறைகள்

ஆச்சியிடமும் வழியிற் கண்ட பிற தாய்மாரிடமும் கேட்டறிந்தவற்றுள் எளியன சிலவற்றை இங்கே தருகின்றேன்.

சீயாக்காய் நீர்: உடைத்து விதை நீக்கிய சீயாக்காய் எட்டு அல்லது பத்து, வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றை இரவிலே ஊறவைக்க வேண்டும். காலையில் சாறு பிழிந்த தேசிக்காய்த் தோலொன்றையும் இட்டு அவித்து, ஆறியபின் கசக்கி, மெல்லிய துணியில் வடித்துக்கொள்ளலாம். வடிக்காமல் தேய்த்தால் திப்பி தலையிற் சிக்கி வருத்தும். கண்ணிற் பட்டால் மிக எரியுமாதலின் சிறு பிள்ளைகளுக்கு வார்க்கும்போது தலையைப் பின்னே சாய்த்து வார்க்க வேண்டும்.

செவ்வரத்தம் நீர்: இளம் இலை இரண்டு கைப்பிடியும் பூ நாலைந்தும் எடுத்து, கழுவி, நீரிற் கசக்கி வடித்தால் வழுவழுப்பான நீர் கிடைக்கும். அவ்வழுவழுப்பு மயிரிழைகளின் மேல் மெல்லிதாகப் படர்ந்து சிக்கெடுக்க உதவும். வெந்தயத்திலும் இத்தன்மை உண்டு. அழுக்கு நீக்கும் ஆற்றல் சீயாக்காயைவிடக் குறைவு. ஆதலின் எண்ணெய் மிகுதியாக வைத்த நாளில் இது மாத்திரம் போதாது.

தேசிக்காய் நீர்: ஒரு காயின் சாற்றை ஒரு லீற்றர் நீரிற் கலந்து, முழுகி முடிந்தபின் தலையில் ஊற்றி, உடனே நல்ல நீரால் அலசிவிட வேண்டும். கடின நீரால் மயிரிற் படிந்த சுண்ணாம்புப் படலத்தை இப்புளிப்பு நீக்கும். சாற்றை நீர் கலவாமற் பூசுதலும், பூசிய தோலோடு வெயிலில் நிற்றலும் ஆகா. தேசிச்சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கறுப்பும் உண்டாகும்.

கற்றாளை: மடலை வெட்டி நிறுத்திவைத்து, வடியும் மஞ்சட் பாலை முற்றாகப் போக்கியபின், உள்ளேயுள்ள சோற்றை மாத்திரம் எடுத்து அலசிப் பயன்படுத்த வேண்டும். அப்பால் தோலை அரிக்கச் செய்யும்.

எண்ணெய்: நல்லெண்ணெயில் சிறிது மிளகும் சீரகமும் உள்ளியும் இட்டு இளஞ்சூடாகக் காய்ச்சி, முழுகுவதற்கு அரைமணி நேரத்துக்கு முன் தேய்ப்பது எம்மவர் வழக்கம். தேங்காய் எண்ணெய் மயிரிழையினுள்ளே ஊடுருவி, அதன் புரதம் கழுவலிற் கரைந்துபோவதைக் குறைக்கின்றது என்று 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியது. நம் பாட்டிமாரின் கைப்பழக்கத்துக்கு விஞ்ஞானம் அளித்த நற்சாட்சி அது.

இந்நீர்கள் எவையும் நெடுநாள் கெடாமல் இருப்பவையல்ல. அன்று செய்ததை அன்றே தீர்த்துவிடுதல் நன்று. புதிதாக ஒன்றைத் தொடங்குவோர் முதலில் முழங்கையின் உட்புறத்திற் சிறிது பூசி ஒருநாள் பார்த்தபின் தலைக்கு இடுக.

மூலிகையின் எல்லை

மூலிகையைப் போற்றுவோர் அதன் எல்லையையும் அறிந்திருத்தல் கடன். தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரையான மயிர்கள் உதிர்வது இயல்பேயாம். இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் சுரப்பியின் கோளாறு, மகப்பேறு, கடுங்காய்ச்சல் முதலியவற்றால் மயிர் கொத்தாக உதிர்வதுண்டு. மாரி மழைக்குப்பின் இங்கே டெங்குக் காய்ச்சல் பரவுகின்ற காலத்தையடுத்து, இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, மயிர் கொட்டுகிறதென்று கலங்கும் மாணவியரும் தாய்மாரும் பலர். அது பெரும்பாலும் தானே சீராகிவிடும். சீராகாதாயின் வைத்தியரிடம் செல்லவேண்டுமேயன்றி, எண்ணெய் மேல் எண்ணெயாக மாற்றிக் காலத்தைப் போக்கலாகாது. வழுக்கையை இன்ன இலை மாற்றும் என்று கூறி விற்போரின் சொல்லை நம்பிப் பணத்தை இழத்தலும் வேண்டா. தலையைத் தூயதாகவும் மயிரை முறியாமலும் காப்பதே இலைகளின் பணி.

கீரிமலையில்

மல்லாகமும் தெல்லிப்பழையும் கடந்து மாவிட்டபுரத்தை அடைந்தேன். குதிரை முகம் பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அழகிய முகம் பெற்றாள் என்பதும், அதன் நன்றியாகவே இக்கந்தசுவாமி கோயிலை எடுப்பித்தாள் என்பதும் ஐதிகம். கதையை எவ்வாறு கொண்டாலும் அதன் கருத்து ஒன்று: உருவத்தைத் திருத்துவது நல்ல நீர்.

இப்பகுதி மக்கள் 1990இல் வீடு வாசல்களை விட்டு வெளியேற நேர்ந்தது. நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயமாகக் கிடந்த காணிகள் பின்னர் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்த குடும்பமொன்றின் வளவினுள்ளே சென்று பார்த்தேன். வீடு புதிது, வேலியும் புதிது. கிணறு மாத்திரம் பழையது. பற்றைகளை வெட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது தங்கள் காணியை அடையாளங்காட்டியது அக்கிணறுதான் என்று வீட்டுக்காரர் கூறினார். அதன் ஓரத்தில் அவருடைய மகள், பத்தாம் வகுப்பில் படிப்பவள், தடியொன்றை நட்டிருந்தாள். நாலு துளிர் விட்டிருந்தது. செவ்வரத்தை. இடம்பெயர்ந்து வாழ்ந்த ஊரில் அம்மம்மா வளர்த்த செடியின் கொப்பாம்.

கீரிமலைக் கேணியில் ஆடவரும் பெண்டிரும் தனித்தனியே நீராடிக்கொண்டிருந்தனர். ஒரு சுவருக்கு அப்பால் உவர்க்கடல் அலைவீசுகின்றது. இப்பால் நன்னீர் ஊறுகின்றது. குடாநாட்டின் நன்னீர் முழுவதும் இவ்வாறே உவர்நீரோடு அடுத்துக் கிடப்பது. மழை தந்ததற்கு மேல் இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலெழும். மேல் நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருக்கின்ற நிலாவரைக் கிணறு இதனை நமக்கு நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

ஆகவே, கூந்தல் அழகை விரும்பும் சகோதரிகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் நான் கூற விரும்புவது இதுவே. வரும் மாரியில் ஒரு செவ்வரத்தையும் ஒரு தேசியும் நடுங்கள். வீட்டில் முதியோர் இருப்பின் அவரோடு ஒரு சனிக்கிழமை கிணற்றடியில் நின்று, அவர் கையாளும் அளவையும் பக்குவத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கிணற்றுக்கு அருகே மலசலகூடக் குழியையோ, எண்ணெய்க் கழிவையோ, பூச்சிமருந்துப் போத்தலையோ சேரவிடாதீர்கள். செடி ஒரு கொப்பிலிருந்து மீண்டும் முளைக்கும். அறிவு ஒரு கொப்பியிலிருந்து மீண்டும் பரவும். கெட்டுப்போன ஊற்றை மீட்பதற்கு மாத்திரம் எந்த ஆச்சியிடமும் மருந்து இல்லை.